காலைக் கஞ்சியை அளந்த கைகள்

காலையில் எத்தனை கலோரி சாப்பிட வேண்டும் என்று கைப்பேசியில் தேடினால் பதில் உடனே வருகிறது. முந்நூறு, நானூறு, ஐந்நூறு என்று ஆளுக்கொரு எண். கூடவே ஓட்ஸ் படமும் அவித்த முட்டைப் படமும். படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி தங்கைகள் இந்தக் கேள்வியை நம்மிடமும் கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்குள் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார்: தன் தட்டில் என்ன விழ வேண்டும், எவ்வளவு விழ வேண்டும் என்று தானே தீர்மானிக்கிற மனிதர். நாஞ்சில் நாட்டு வயலில் இறங்கிய நம் பாட்டிமாருக்கு அந்தத் தீர்மானம் தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்ததில்லை. அவர்களுடைய காலைச் சாப்பாட்டை வேறொரு கை அளந்தது. அந்தக் கைகளின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுப்படி, கடும் உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3,470 கலோரி வேண்டும், பெண்ணுக்கு 2,720. ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு 1,700. நாளின் தேவையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை காலையில் கிடைக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். நாற்று நடும் பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் 900 கலோரி. அரிசியாகச் சொன்னால் ஏறக்குறைய கால் கிலோ. கால் கிலோ அரிசிச் சோறு, பொழுது விடிவதற்குள், ஒருவருக்கு. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு பின்னால் போவோம்.

இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் காலைச் சாப்பாட்டுக்கு 'காப்பி குடி' என்று பெயர். நாலு தோசை தின்றாலும் 'காப்பி குடிச்சாச்சு' என்றுதான் சொல்வோம். காப்பி பின்னால் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது பழையதும் கஞ்சியும். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் காணத்துவையலோ சுட்ட கருவாடோ தொட்டுக் குடிப்பது. இப்போது இதை மண்சட்டியில் வைத்துப் பெரிய ஓட்டல்களில் விற்கிறார்கள். குடலுக்கு நல்லது என்று மருத்துவர்களும் பேசுகிறார்கள். நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் இரவு சோறு மிஞ்சினால்தான் காலையில் பழையது உண்டு. மிஞ்சாத வீட்டில் காலையில் இருந்தது நீர்தான்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் பழையாற்றுத் தண்ணீரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த பூமி. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகம் பெருமையாகச் சொல்லும். அந்த நெல்லை விளைவித்தவர்களில் பெரும்பகுதி பறையரும் புலையரும். அவர்களில் பலர் கூலியாட்கள்கூட இல்லை, அடிமைகள். அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டெடுத்தார், பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தார். நிலம் விற்ற ஓலைகளோடு மனிதரை விற்ற ஓலைகளும் அதில் இருக்கின்றன. 1836இல் திருவிதாங்கூர் அரசு எடுத்த கணக்கில் மொத்த மக்கள் 12,80,668. அவர்களில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேரில் ஒருவர்.

அடிமைக்குச் சம்பளம் கிடையாது. உழைத்த நாளுக்கு நெல் அளந்து போடுவார்கள். அந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குத்தி, புடைத்து, உலையில் போட்ட பிறகுதான் அது கஞ்சி. மழை பெய்து வேலை நின்றால் அளவும் நின்றது. வயலிலேயே கஞ்சி ஊற்றும்போது மண்ணில் குழி தோண்டி, அதில் இலையை வைத்து, அதில் ஊற்றினார்கள் என்பது தெற்குத் திருவிதாங்கூர் முழுக்க நம் பெரியவர்கள் சொல்லிவந்த நினைவு. சிலர் இதைப் பழைய நாளின் அழகிய காட்சி போலச் சொல்லி ஏங்குவதையும் அண்மையில் கேட்டோம். குழியில் குனிந்து குடித்தவரின் பேரப்பிள்ளைகள் யாரும் அப்படி ஏங்கி நாம் பார்த்ததில்லை.

கூலி அளக்க ஒரு நாழி, பாட்டம் வாங்க ஒரு மரக்கால் என்ற குறை நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. கீழத்தஞ்சையில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றிப் பேசும்போது இன்றும் 'அரை லிட்டர் நெல்' என்ற சொல் வரும். அரை லிட்டர் நெல்லைக் குத்தினால் இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாக அரிசி தேறும். கலோரியாகச் சொன்னால் 650 சொச்சம். ஒரு உழைப்பாளியின் காலைச் சாப்பாடு, அவ்வளவுதான். நெல் கூலிப் போராட்டங்களை நாம் பொருளாதாரப் போராட்டம் என்ற பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். அவை காலைக் கஞ்சிக்கான போராட்டங்களும்கூட.

இனி நாணயத்தின் மறுபக்கம். இந்தக் காலம் முழுக்கத் திருவிதாங்கூர் அரசு யாருக்குமே சோறு போடவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே போட்டது. ஊர் ஊராக ஊட்டுப்புரை கட்டி, பிராமணர்களுக்குத் தினமும் இலவசமாகச் சாப்பாடு போட்டது. திருவனந்தபுரத்தில் ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடந்த முறைஜபத்துக்கு வந்த பிராமணர்களுக்கு விருந்தும் தட்சிணையும் தனி. இந்த ஊட்டு காரணமாகத்தான் திருவிதாங்கூருக்கு 'தர்ம பூமி' என்று பெயர் வந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். அடிமைகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்தத் தலைப்பில் இருக்கும் குத்தல் புரியும்.

ஊட்டுப்புரைக்கு நெல் எங்கிருந்து வந்தது? 1811-12இல் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 378 கோயில்களை அவற்றின் நிலங்களோடு அரசின் கீழ் கொண்டுவந்தார். அந்த நிலங்களின் வருமானமும் அரசு வருவாயோடு சேர்ந்தது. விளைவித்தவர் கோயில் தெருவில்கூட நடக்க முடியாதவர். தின்றவர் வயலில் கால் வைக்காதவர். ஆக, அரசு மக்களுக்குச் சமைத்துப் போடுவது நம் பகுதிக்குப் புதிய யோசனை அல்ல. பள்ளிச் சாப்பாட்டை 'இலவசம்' என்று இன்று முகம் சுளிக்கிறவர்களிடம் நாம் ஊட்டுப்புரையைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இலவசச் சாப்பாடு இங்கே நடந்தது. பந்தியில் நாம் இல்லை.

1855 ஜூன் 24ஆம் தேதி அரசு ஆணை அடிமைத்தனத்தை ஒழித்தது. ஆணை வந்த மறுநாள் காலையில் கஞ்சி எங்கிருந்து வரும் என்று ஆணையில் எழுதவில்லை. நிலம் தரப்படவில்லை. எனவே அதே வயல், அதே நாழி.

இந்த இடத்தில் அய்யன்காளியைப் பேசாமல் போக முடியாது. நம் மாவட்ட எல்லையிலிருந்து சிறிது தூரத்தில், வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல் முளைக்கும் என்று சொல்லி 1907-08 காலத்தில் விவசாயத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். கேரளத்தில் இதை முதல் விவசாயத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. தினக்கூலி நெல்லில் வாழ்கிறவர் வேலைக்குப் போக மாட்டேன் என்றால், அடுத்த நாள் காலைக் கஞ்சி வேண்டாம் என்று சொல்வதாகத்தான் பொருள். நிலவுடைமையாளர்கள் அதை நம்பித்தான் காத்திருந்தார்கள்: பசி வந்தால் வருவார்கள் என்று. அந்த மாதங்களில் விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்களோடு பேசி, தொழிலாளர்களுக்கு வள்ளத்தில் வேலை வாங்கித் தந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடலோரத்து மீன்தான் வயலோரத்து வேலைநிறுத்தத்தைத் தாங்கியது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காகப் பெற்றோர் தங்கள் காலைச் சாப்பாட்டை விட்டுக்கொடுத்த வரலாறு இது. பின்னால் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு என்ற இடத்துக்கு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நெல் எட்டாதபோது வயிற்றைக் காத்தது மரச்சீனிக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்ப முனைந்தார். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் கிழங்கின் மேல்தான் விழுந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களில் இன்றும் கிழங்கும் மீன்கறியும் வெறும் ஏழைச் சாப்பாடு இல்லை, விருப்பச் சாப்பாடு. ஆனால் கலோரிக் கணக்கு எங்கே நம்மை ஏமாற்றும் என்பதைக் கிழங்கு காட்டிவிடும். இருநூறு கிராம் கிழங்கில் ஏறக்குறைய 300 கலோரி உண்டு. புரதம் மூன்று கிராமுக்குள்தான். வயிறு நிறையும், சதை பிடிக்காது. மீன் கிடைத்த வீட்டில் கிழங்கு நல்ல உணவு. மீன் கிடைக்காமல் உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்ற வீட்டில் அது பசியை ஒத்திவைக்கும் வழி மட்டுமே.

கலோரி என்ற அளவு நம்மிடம் எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அந்தச் சொல் சோற்றுக்குப் பழக்கமாவதற்கு முன்பே ஏழையின் சோற்றை எடைபோடும் வேலை தொடங்கிவிட்டது. 1876-78 தாதுவருடப் பஞ்சத்தில், லிட்டன் பிரபு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நிவாரண வேலையில் மண் சுமந்தவருக்கு ஒன்றரைப் பவுண்டு தானியக் கணக்கில் இருந்த கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு அரிசி என்றால் 450 கிராம்; இன்றைய கணக்கில் சுமார் 1,600 கலோரி. கடும் உழைப்பாளிக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். வேலை வாங்கும் உடலுக்கு இவ்வளவு போதாது என்று எடையும் சத்தும் காட்டி வாதாடினார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டி வந்தது. ஒரே அளவுகோலை ஒருவர் குறைக்கப் பயன்படுத்தினார், இன்னொருவர் கூட்டப் பயன்படுத்தினார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கார்னிஷ் பிடித்த முனையை.

பிறகு குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் வந்தது. ராபர்ட் மெக்கரிசன் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலி நன்றாக வளர்ந்தது. 'மதராசி' உணவு தின்ற எலி கடைசியில் நின்றது. மதராசியில் யார் என்று எலிக்கூண்டு கேட்கவில்லை. மிராசுதாரின் உணவா, பண்ணையாளின் உணவா? சாதியைக் கேட்காமல் சராசரி எடுத்தால் இப்படித்தான் ஆகும். விடுதலைக்குப் பின் வறுமைக்கோடும் கலோரியால்தான் வரையப்பட்டது: 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 என்றது. இத்தனை கலோரி வாங்கப் பணம் இல்லாதவர் ஏழை. அந்தக் கலோரியை எந்தத் தெருவில், எந்தக் குவளையில், யார் கையால் பெறுகிறார் என்பது கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

பள்ளிச் சாப்பாடு இந்த இரண்டு வரலாறும் சந்திக்கும் இடம். 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. 1925 ஏப்ரலில் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக்கூடாது என்று அரசு நிறுத்தியது. 1956இல் காமராசர் மதிய உணவை எட்டயபுரத்தில் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. மார்ஷல் நேசமணியின் போராட்டத்தை மொழிப் போராட்டமாக மட்டுமே படிக்கிறோம். மதிய உணவு உள்ள மாநிலத்துக்குள் நம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள் என்றும் படிக்கலாம். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்.

2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் தொடக்கநிலைக் குழந்தைகளுக்குக் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவு தர வேண்டும் என்று இடைக்கால ஆணையிட்டது. அதுவரை கருணையின் அளவாக இருந்த கலோரி, கேட்டு வாங்கும் உரிமையின் அளவானது இங்கேதான். 2004 ஏப்ரல் 20 ஆணை இன்னும் ஒருபடி போனது: சமையலர், உதவியாளர் பணியில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும். நீதிமன்றத்துக்கு ஒன்று தெரிந்திருந்தது. கலோரி மட்டும் கொடுத்தால் தட்டு நிறையும். யார் சமைத்தது என்ற கேள்வி அப்படியே இருக்கும். இந்த இரண்டாவது ஆணையை நம் மாணவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. படியுங்கள்.

இப்போது காலைக்கு வருவோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25 முதல் 31,008 அரசுப் பள்ளிகள். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை அல்லது சிறுதானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய்கறி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. அரசின் கணக்கில் சராசரி 293 கலோரி, 9.85 கிராம் புரதம். எட்டு வயதுக் குழந்தையின் காலைத் தேவையைக் கால் பங்கு என்று குறைத்தே வைத்தாலும் 425 வேண்டும். ஆக 130 கலோரி குறைகிறது. ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். இதைச் சொன்னால் திட்டத்தைக் குறை சொல்வதாகச் சிலர் கோபிக்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய் விடியுமுன் அடுப்பு மூட்ட நேரமில்லாத வீட்டில் இந்த 293 எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியும். தெரிந்ததால்தான் 425 கேட்கிறோம்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. இங்கே பள்ளிக்கூடம் என்பதே பெரும்பாலும் சபையோடு வந்தது. மயிலாடி வேதமாணிக்கத்தின் அழைப்பில் 1806இல் ரிங்கல்தௌபே வந்ததிலிருந்து, சாம்பவர் தெருப் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்தது மிஷன் பள்ளிகளில்தான். இன்றும் அரசு உதவிபெறும் பள்ளிகள் இங்கே நிறைய. காலை உணவோ முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் வந்தது. ஊரகப் பகுதியின் உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்றும், நகரப் பகுதிக்கு 2025 ஆகஸ்டிலும்தான் நீண்டது. அரசுப் பள்ளிப் பிள்ளை கிச்சடி சாப்பிட்டபோது, அடுத்த தெரு உதவிபெறும் பள்ளிப் பிள்ளை ஓராண்டும் ஈராண்டும் வேடிக்கை பார்த்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 4 சதவீதம்தான் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கு சொல்லும்; மாநிலத்திலேயே மிகக் குறைவு. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான பறையரும் புலையரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். பட்டியலில் இல்லாததால் பசி இல்லாமல் போய்விடவில்லை. பட்டியலில் இல்லாத அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் படித்ததும் இந்த உதவிபெறும் பள்ளிகளில்தான்.

அடுத்தது, சமைக்கும் கை. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், அருந்ததியர் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ச் சாப்பிட்டு, வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார். அதே மாதம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்ததைப் பெரும்பாலான பிள்ளைகள் தொடவில்லை. முன்விரோதம்தான் காரணம் என்றார்கள் சிலர். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் சாப்பிட்டார்கள். காமராசர் மதிய உணவைத் தொடங்கிய அதே எட்டயபுரம் பக்கம், 67 ஆண்டுகள் கழித்து.

நாஞ்சில் நாட்டில் இப்படி வெளிப்படையாக யாரும் தட்டைத் தள்ளுவதில்லை என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கிறோம். தள்ள வேண்டிய நிலை வராமலே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. காலை உணவைச் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும் என்பது விதி. எந்தக் குழு, எந்தத் தெருக் குழு என்பது ஊராட்சி அளவில் முடிவாகிறது. எனவே நம் தோழர்கள் அடுத்த கிராம சபைக்குப் போகும்போது இரண்டு கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நம் ஊராட்சியில், உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்து, காலை உணவு சமைக்கும் பெண்களில் பட்டியல் சாதியினரும் தலித் கிறிஸ்தவரும் எத்தனை பேர்? சென்ற மாதம் பள்ளிக்கு வந்த பருப்பை, சாப்பிட்ட பிள்ளைகளின் வருகைக் கணக்கால் வகுத்தால் தலைக்கு 15 கிராம் வருகிறதா? வருகைப் பதிவேடும் இருப்புப் பதிவேடும் பள்ளியிலேயே இருக்கின்றன. வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் கேள்வி ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.